எத்தனை பங்கு வாங்குவது? நான் போடும் கணக்கு

தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரத்தில் என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, அம்பதாயிரம் இருக்குதுங்க, எந்த ஷேர் வாங்கலாமுங்க?" நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து பங்கு விலை சார்ட் பார்ப்பேன். சில நாள் முதல் சில வாரம் வரை வைத்திருந்து விற்கும் ஸ்விங் ட்ரேடிங், அதுவும் பங்கை டிமேட் கணக்குக்கே எடுக்கும் டெலிவரி மட்டும். எந்தப் பங்கு என்பதற்கு என்னிடம் பட்டியல் எதுவும் கிடையாது. எத்தனை பங்கு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கேட்கிற எல்லோருக்கும் நான் முதலில் போட்டுக் காட்டுவது அதைத்தான்.

பெரும்பாலானவர்கள் கையிலிருக்கும் பணத்தைப் பங்கின் விலையால் வகுக்கிறார்கள். பங்கு 842 ரூபாய், கையில் 50,000, ஆக 59 பங்கு. வகுத்தல் சரிதான். ஆனால் பங்கு கீழே போனால் எவ்வளவு போகும் என்பது அந்த 59-க்குள் எங்குமே இல்லை. எவ்வளவு இழக்கலாம் என்பதை முதலில் ரூபாயில் முடிவு செய்து, அதிலிருந்து எண்ணிக்கைக்கு வர வேண்டும்.

இதற்கு மூன்று எண் போதும்: ட்ரேடிங் முதல் (மூலதனம்), ஒரு ட்ரேடில் இழக்கக்கூடிய தொகை, வாங்கும் விலைக்கும் ஸ்டாப்லாஸுக்கும் (இதற்கு இறங்கினால் விற்றுவிடுவது என்று முன்பே குறித்து வைக்கும் விலை) இடையே உள்ள வித்தியாசம்.

ட்ரேடிங் முதல் என்று நான் எடுப்பது, கணக்கில் இருக்கும் ரொக்கமும் ஸ்விங்குக்காக வாங்கிக் கையில் இருக்கும் பங்குகளின் இன்றைய மதிப்பும் சேர்ந்த தொகை. நீண்டகாலத்துக்கு வாங்கிப் போட்ட பங்கு, மியூச்சுவல் ஃபண்ட், பிஎஃப் எதுவும் இதில் சேராது. புரோக்கர் ஆப்பில் எம்டிஎஃப் என்று பல மடங்காகக் காட்டும் தொகையும் சேராது. அது வட்டி கட்ட வேண்டிய கடன். கடனை முதலாக எழுதினால் அதற்குக் கீழே வரும் ஒவ்வொரு வரியும் தப்பாகிவிடும்.

இழக்கக்கூடிய தொகை எனக்கு ட்ரேடிங் முதலில் 1 சதவீதம். புதிதாக வருபவர்களுக்கு அரை சதவீதம் போதும் என்பேன். "ஒரு சதவீதத்தை வைத்து என்னக்கா சம்பாதிப்பது?" என்று உடனே கேட்பார்கள். அதற்காகவே இந்தக் கணக்கை எழுதிக் காட்டுவேன். ஒருவருடைய முறை பாதிக்குப் பாதி சரியாக வருகிறது என்று வையுங்கள். பூவா தலையா போடுவது மாதிரிதான் அது. 100 தடவை நாணயத்தைச் சுண்டினால், நடுவில் எங்காவது தொடர்ந்து ஆறு பூ விழுவதற்கு வாய்ப்பு பாதிக்கும் கொஞ்சம் மேலே. அதாவது நூறு ட்ரேடுக்குள் ஆறு நஷ்டம் வரிசையாக வருவது சாதாரண விஷயம். 3 லட்சம் முதலில் ஒவ்வொரு தடவையும் 1 சதவீதம் போனால், ஆறாவது நஷ்டத்துக்குப் பிறகு 2,82,444 ரூபாய் மிச்சம் இருக்கும். ஒவ்வொரு தடவையும் 10 சதவீதம் போனால் 1,59,432 ரூபாய். இரண்டாவது ஆள் பழைய இடத்துக்குத் திரும்ப, மிச்சமிருக்கும் பணத்தில் 88 சதவீதம் லாபம் பார்க்க வேண்டும். இரண்டு பேர் வைத்திருந்த முறையும் ஒன்றுதான், வாங்கிய பங்குகளும் ஒன்றுதான். எண்ணிக்கை மட்டும் வேறு.

அப்புறம் ஸ்டாப்லாஸ். இதைச் சார்ட்டில்தான் தேட வேண்டும். நான் இரண்டு இடம் பார்ப்பேன். ஒன்று, பங்கு கடைசியாக இறங்கித் திரும்பிய தாழ்வுப் புள்ளி. அதற்குக் கொஞ்சம் கீழே போனால் நான் நினைத்தது தப்பு என்று அர்த்தம். இன்னொன்று ஏடிஆர். வெல்ஸ் வைல்டர் 1978-இல் கொண்டுவந்த அளவு இது. ஒரு நாளில் பங்கு சராசரியாக எத்தனை ரூபாய் மேலும் கீழும் ஆடுகிறது என்று காட்டும். எல்லா சார்ட் ஆப்பிலும் இருக்கிறது, 14 நாள் என்று வைத்தால் போதும். ஏடிஆர் 18 ரூபாய் காட்டும் பங்கில் 10 ரூபாய் கீழே ஸ்டாப் போட்டால், எந்தச் செய்தியும் இல்லாமல் சும்மா ஆடுகிற ஆட்டத்திலேயே அது வெட்டுப்பட்டுவிடும். அதனால் ஏடிஆரைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வைப்பேன்.

இப்போது கணக்கு. முதல் 3 லட்சம், ஒரு சதவீதம் 3,000. பங்கு 842, ஏடிஆர் 18, ஸ்டாப் 806. வித்தியாசம் 36 ரூபாய். 3,000-ஐ 36-ஆல் வகுத்தால் 83 வரும். ஆனால் செலவையும் சேர்க்க வேண்டும். டெலிவரியில் வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம் எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி). வாங்கும்போது முத்திரைக் கட்டணம் 0.015 சதவீதம். இதோடு எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜிஎஸ்டி, விற்கும் நாளில் டிபி சார்ஜ் (டிமேட் கணக்கிலிருந்து பங்கை எடுப்பதற்கான கட்டணம்). புரோக்கரேஜே இல்லாத கணக்கிலும் இந்த ட்ரேடில் எல்லாம் சேர்த்துப் பங்குக்கு ஏறத்தாழ 2 ரூபாய் ஆகிறது. ஆக வித்தியாசத்தை 38 என்று எடுத்துக்கொள்கிறேன். 3,000 வகுத்தல் 38, விடை 78.9. வாங்குவது 78. எப்போதும் கீழ்நோக்கித்தான் முழு எண்ணாக்க வேண்டும். நூறு என்று ஒரு நல்ல எண்ணாக இருக்கட்டுமே என்று ஏற்றுவதில் நியாயமே இல்லை.

78 பங்குக்கு 65,676 ரூபாய் போகும். ஸ்டாப்பில் வெளியே வந்தால் செலவோடு சேர்த்து 3,000-க்குள் நஷ்டம் நிற்கும். 65,676 போட்டேன், 3,000 ரிஸ்க் எடுத்தேன். இந்த இரண்டு தொகையும் வெவ்வேறு என்பது மனதில் பதிந்துவிட்டால் மிச்சமெல்லாம் சுலபம்.

இதே கணக்கை நன்றாக ஆடும் ஒரு சின்னப் பங்கில் போடுங்கள். விலை 128, ஸ்டாப் 112. வித்தியாசம் 16, செலவு 30 காசு. 3,000-ஐ 16.30-ஆல் வகுத்தால் 184 பங்கு, போடும் பணம் 23,552 மட்டும். கையில் பணம் இருக்கிறதே என்று இதிலும் 65,000 போட்டால், ஸ்டாப் வெட்டுப்படும் அன்று 8,000-க்கு மேல் போய்விடும்.

கணக்கைத் திருப்பிப் போடும் பழக்கம் ஒன்று உண்டு, அதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த 842 ரூபாய்ப் பங்கில் 200 வாங்க வேண்டும் என்று மனதுக்குள் முடிவாகியிருக்கும். 3,000 ரிஸ்க்குக்குள் அடங்க வேண்டுமானால் ஸ்டாப் 15 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உடனே 828-இல் ஸ்டாப் போட்டுவிடுவார்கள். சார்ட்டில் 828-க்கு எந்த அர்த்தமும் இருக்காது. பங்கு அடுத்த நாளே 825 வந்து, ஸ்டாப்பை வெட்டிவிட்டு, 870-க்கு ஏறும். ஸ்டாப் முதலில், எண்ணிக்கை கடைசியில். இந்த வரிசையை எதற்காகவும் மாற்றாதீர்கள்.

ஸ்டாப்லாஸ் நிற்காத நாள்

இதுவரை சொன்ன கணக்கெல்லாம், 806 என்று போட்டால் 806-க்குப் பக்கத்தில் விற்றுவிடும் என்று நம்பிப் போட்டது. சாதாரண நாளில் அப்படித்தான் நடக்கும். சந்தை மூடியிருக்கும் நேரத்தில் செய்தி வந்தால் நடக்காது.

மார்ச் 10, 2025 அன்று சந்தை முடிந்தபிறகு, தன் டெரிவேட்டிவ் கணக்குகளில் முரண்பாடு இருப்பதாக இன்டஸ்இண்ட் வங்கி எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவித்தது. அன்று 900 ரூபாய் அளவில் முடிந்த பங்கு, மறுநாள் 656 அளவில் முடிந்தது. ஒரே நாளில் 27 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரி 17-இல், காலாண்டு முடிவுக்கு மறுநாள், எச்டிஎஃப்சி வங்கி 8 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. நாட்டின் மிகப் பெரிய தனியார் வங்கி அது. பெரிய கம்பெனி என்பதால் இரவில் எதுவும் நடக்காது என்று யாரும் உறுதி தர முடியாது.

அதனால் என் கணக்கில் இரண்டாவது வரம்பு ஒன்று உண்டு. எந்தப் பங்கிலும் ட்ரேடிங் முதலில் 25 சதவீதத்துக்கு மேல் பணம் போட மாட்டேன். 842 ரூபாய்ப் பங்கில் ஸ்டாப் மிகப் பக்கத்தில், 830-இல் அமைகிறது என்று வையுங்கள். வித்தியாசம் செலவோடு 14 ரூபாய். ரிஸ்க் கணக்கு 214 பங்கு என்று சொல்லும். அதற்கு 1,80,188 ரூபாய், முதலில் 60 சதவீதம். இந்தப் பங்கு ஒரே இரவில் 27 சதவீதம் விழுந்தால் 48,000-க்கு மேல் நஷ்டம். நான் எடுத்ததாக நினைத்த ரிஸ்க் 3,000. 25 சதவீத வரம்புப்படி 75,000-க்கு 89 பங்குதான் வாங்கலாம். அதே வீழ்ச்சியில் 20,000 சொச்சம் போகும். வலிக்கும், ஆனால் கணக்கு உயிரோடு இருக்கும். இரண்டு விடையில் எது சின்னதோ அதைத்தான் வாங்க வேண்டும்.

காலாண்டு முடிவு வரும் தேதியை எக்ஸ்சேஞ்ச் தளத்தில் முன்கூட்டியே பார்க்கலாம். முடிவுக்கு முந்தின நாள், லாபத்தில் இல்லாத பங்கை விற்றுவிடுவேன். லாபத்தில் இருந்தால் பாதியைக் குறைப்பேன்.

சின்னப் பங்குகளில் இதைவிட மோசமான ஒன்று உண்டு: லோயர் சர்க்யூட். ஒரே நாளில் 5 சதவீதத்துக்கு மேல் நகர விடாத விலை வரம்பு உள்ள பங்கு கெட்ட செய்தியில் சிக்கினால், காலையிலேயே 5 சதவீதம் கீழே போய்ப் பூட்டிக்கொள்ளும். விற்க வரிசை நிற்கும், வாங்க ஆள் இருக்காது. உங்கள் ஸ்டாப் ஆர்டரும் அந்த வரிசையில் நிற்கும். மறுநாளும் அப்படியே. அதனால் 5 சதவீத வரம்புப் பங்கில் நான் சார்ட் ஸ்டாப்பை வைத்து எண்ணிக்கை போடுவதே இல்லை. மூன்று லோயர் சர்க்யூட் தொடர்ந்து விழுந்தால் என்ன விலை என்று பார்ப்பேன். 200 ரூபாய்ப் பங்கு மூன்று நாளில் 171.50-க்கு வரும். வித்தியாசம் செலவோடு 29 ரூபாய், ஆக 103 பங்கு. சார்ட்டில் 192-இல் ஸ்டாப் இருக்கிறதே என்று அதை வைத்துப் போட்டிருந்தால் 350-க்கு மேல் வந்திருக்கும். எந்தப் பங்குக்கு எந்த வரம்பு என்பது என்எஸ்இ தளத்தில் அந்தப் பங்கின் பக்கத்திலேயே இருக்கும். வாங்கும் முன் ஒரு தடவை பாருங்கள், தயவுசெய்து.

ஐந்து பங்கு, ஒரே ட்ரேட்

ஒவ்வொன்றிலும் 1 சதவீதம்தான் ரிஸ்க் என்று ஐந்து அரசு வங்கிப் பங்கு வாங்கியிருப்பவர் எடுத்திருப்பது 5 சதவீத ரிஸ்க். ரிசர்வ் வங்கி ஒரு அறிவிப்பு விட்டால் ஐந்தும் ஒரே திசையில் நகரும். ஒரு துறைக்கு மொத்தம் 2 சதவீதம், கையில் உள்ள எல்லாப் பங்குக்கும் சேர்த்து 5 சதவீதம் என்று வைத்திருக்கிறேன். ஸ்டாப்பை வாங்கிய விலைக்கு மேலே ஏற்றிவிட்ட பங்கை இந்த 5-இல் சேர்ப்பதில்லை. அதனால் லாபத்தில் ஓடும் ட்ரேடுகள் இருந்தால் புதிய ட்ரேடுக்கு இடம் தானாகக் கிடைக்கும். இடம் இல்லையென்றால், எவ்வளவு நல்ல சார்ட் கண்ணில் பட்டாலும் காத்திருப்பேன்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதில் ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 2025-இல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்தபோது, ஏற்றுமதி ஆடைக் கம்பெனிப் பங்குகள் சேர்ந்தே விழுந்தன. அதே மாதம் இங்கே ஆர்டர் நின்றுவிடுமோ, ஷிஃப்ட் குறையுமோ என்ற பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. நமக்குச் சம்பளம் வருவதும் போனஸ் வருவதும் இந்தத் தொழிலிலிருந்து. அந்தப் பணத்தைத் திரும்பவும் இதே தொழிலின் பங்கில் போட்டால், ஒரே செய்தி இரண்டு பக்கமும் அடிக்கும். நமக்கு நன்றாகத் தெரிந்த துறை என்பது உண்மைதான். ஆனாலும் ஆடை, நூல் பங்குகளில் நான் அரை சதவீதத்துக்கு மேல் ரிஸ்க் எடுப்பதில்லை.

ஆர்டர் போடும்போது

இரவு கணக்குப் போட்டு வைத்த விலையும் காலையில் கிடைக்கும் விலையும் ஒன்றாக இருக்காது. 842 என்று நினைத்த பங்கு 855-இல் திறந்தால், 806 ஸ்டாப்புக்கு வித்தியாசம் 49, செலவோடு 51. எண்ணிக்கை 78-லிருந்து 58-ஆகக் குறையும். மறுபடி வகுக்க நேரமில்லை என்றால் அன்றைக்கு வாங்காமல் விடுவது நல்லது. நான் ஒரு எக்செல் தாளில் விலை, ஸ்டாப், செலவு என்று மூன்று கட்டம் வைத்து, மிச்சத்தை அதுவே போடும்படி எழுதி வைத்திருக்கிறேன். போனில் விலையை மட்டும் மாற்றினால் போதும். இரண்டு வரம்பில் சின்ன விடையை எடுத்து, கீழ்நோக்கி முழு எண்ணாக்கிக் கடைசிக் கட்டத்தில் காட்டும்.

வாங்கியதும் அதே நிமிடம், குறித்த விலை (ட்ரிகர்) வந்ததும் தானாகப் போகும் ஜிடிடி ஆர்டர் போட்டுவிட வேண்டும். அப்புறம் போடலாம் என்று வைத்தால், அந்த அப்புறம் வருவதற்குள் விலை போய்விடும். ஜிடிடி பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். விலை ட்ரிகரைத் தொட்டதும் அது ஒரு லிமிட் ஆர்டரை, அதாவது இந்த விலைக்குக் கீழே விற்காதே என்ற ஆர்டரை அனுப்பும். ட்ரிகர் 806, லிமிட் 800 என்று வைத்திருக்கிறீர்கள், பங்கு நேராக 790-இல் திறக்கிறது என்றால், ஆர்டர் போகும், ஆனால் விற்காது. 800 கிடைக்கும்வரை அப்படியே தொங்கும். அதனால் காலை 9:15-க்குச் சந்தை திறந்ததும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நான் ஆபீஸ் லெட்ஜரைத் திறப்பேன். தொங்கினால் லிமிட்டை இறக்கி விற்றுவிடுவேன். திரும்பி வரும் என்று காத்திருப்பது வேறு ட்ரேட், அதற்கு நான் ரிஸ்க் ஒதுக்கவில்லை.

விலை இறங்க இறங்க வாங்கி ஆவரேஜ் செய்வதும் இதே கதைதான். ஸ்டாப்பை நெருங்கும் பங்கில் எண்ணிக்கையைக் கூட்டினால், முதலில் முடிவு செய்த 3,000 என்ற எண்ணே இல்லாமல் போகிறது. ஏறும் பங்கில் சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் புதிதாகச் சேர்ப்பதையும் தனி ட்ரேடாக எண்ணிக் கணக்குப் போட வேண்டும், 25 சதவீத வரம்பும் பொருந்தும். 78 பங்கு 900 ரூபாய்க்கு ஏறிவிட்டால் அதன் மதிப்பே 70,200. முதல் இன்னும் 3 லட்சம் என்றே வைத்தால் மேலே 5 பங்குக்குத்தான் இடம். அதற்கு டிபி சார்ஜ், மெனக்கெடல் எல்லாம் எதற்கு என்று நான் விட்டுவிடுவேன்.

எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்கள்) பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே வகுத்தல்தான் என் பதில். பங்கை 78 என்றும் 58 என்றும் வெட்டலாம், அங்கே மொத்தமாக மட்டும் விற்கும் லாட்டை வெட்ட முடியாது. நவம்பர் 2024-இலிருந்து இன்டெக்ஸ் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 15 லட்சமாக உயர்த்திவிட்டது. ஃபியூச்சர்ஸில் ஒரு லாட் எடுத்து, நிஃப்டி 1 சதவீதம் எதிராகப் போனால் 15,000 ரூபாய் அளவில் நஷ்டம். 3,000 மட்டும் இழக்கக்கூடியவருக்கு இந்தக் கணக்கு தரும் விடை ஒரு லாட்டில் ஐந்தில் ஒரு பகுதி. அப்படி ஒன்று விற்பதில்லை, ஆக விடை பூஜ்யம். ஆப்ஷன் வாங்குபவர்கள் பிரீமியத்தை (ஆப்ஷனுக்குக் கொடுக்கும் விலை) லாட்டில் உள்ள எண்ணிக்கையால் பெருக்கிப் பார்க்கட்டும். அந்தத் தொகை முழுவதையும் ரிஸ்க் என்றே எழுத வேண்டும், ஏனென்றால் முழுதும் பூஜ்யமாவது அங்கே அன்றாடம் நடப்பது. 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே 2024 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். போனஸ் பணத்தோடு வரும் தம்பி தங்கைகளிடம் இதை மட்டும் நான் கெஞ்சிக் கேட்பேன்: லாட் உங்கள் முதலுக்குள் அடங்குகிறதா என்று வகுத்துப் பார்க்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

50,000 முதலுக்கு ஒரு சதவீதம் 500. 842 ரூபாய்ப் பங்கில் 38 வித்தியாசத்துக்கு 13 பங்கு. போடும் பணம் 10,946. போனஸ் பணத்தில் முக்கால் பங்குக்கு மேல் சும்மா இருக்கிறதே என்று தோன்றும். அதில் இன்னும் மூன்று நான்கு ட்ரேட் வைக்கலாம், அவசரம் இல்லை. முறை சரிவருகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு வருஷமாவது ட்ரேட் செய்ய வேண்டும். அந்த ஒரு வருஷமும் பணம் இருக்க வேண்டும்.

மாதம் பிறந்ததும் முதலை மறுபடி கூட்டுவேன். 3 லட்சம் 3,20,000 ஆகியிருந்தால் அந்த மாதம் ஒரு ட்ரேடுக்கு 3,200. 2,85,000 ஆகியிருந்தால் 2,850. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று குறைந்த மாதத்தில் தொகையைக் கூட்டுவது கிடையாது. உச்சத்திலிருந்து 10 சதவீதம் இறங்கி 2,70,000-க்கு வந்துவிட்டால், மாதக் கடைசிவரை காத்திருக்காமல் அன்றைக்கே ரிஸ்க்கை அரை சதவீதமாக்கிவிடுவேன், ட்ரேடுக்கு 1,350 ரூபாய். இழந்ததில் பாதி திரும்பி வந்து, முதல் 2,85,000-ஐத் தொட்ட பிறகுதான் மறுபடி ஒரு சதவீதம்.